எஸ்டிமேட்டுக்கு முன் பேசுங்கள்

பூங்கா வாசலில் தகரத் தடுப்பு வந்த மறுநாள் காலையில்தான் நம் ஊரில் கருத்துக்கேட்பு தொடங்குகிறது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் தடுப்புக்கு வெளியே நின்று, “யாரைக் கேட்டு மூடினாங்க?” என்கிறார்கள். உள்ளே மண் வெட்டுகிறவருக்குப் பதில் தெரியாது. ஒப்பந்ததாரரிடம் கேட்டால் அவர் ஒரு பட்டியலைக் காட்டுவார்: இத்தனை சதுர மீட்டர் பேவர் பிளாக், இத்தனை மீட்டர் கிரில், இத்தனை உடற்பயிற்சிக் கருவி, இத்தனை விளக்குக் கம்பம். பட்டியலில் இல்லாததைச் செய்தால் அவருக்குக் காசு வராது. இருப்பதை விட்டால் பில் பாஸ் ஆகாது. அவரிடம் மல்லுக்கு நிற்பது வீண்.

மாநகராட்சி வேலைக்கு என்று ஒரு வரிசை இருக்கிறது. உதவிப் பொறியாளர் (ஏ.இ.) இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார். அதற்கு ஒப்புதலும் நிதியும் கிடைக்க வேண்டும். அதன் பிறகு டெண்டர், ஒர்க் ஆர்டர். எஸ்டிமேட் கையெழுத்தாகும் வரை நீங்கள் சொல்வதைக் கேட்டு ஒரு வரியை அடிக்கலாம், ஒரு வரியைச் சேர்க்கலாம். டெண்டர் விட்டபின் அதே மனிதர் அதே அன்போடு, “அடுத்த தடவை பார்த்துக்கலாம் சார்” என்பார். பூங்காவுக்கு அடுத்த தடவை என்பது பத்து வருஷம் கழித்து வரலாம். அதனால் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி, ஏ.இ. வந்து டேப் பிடிப்பதற்கு முந்தைய மாதங்களைப் பற்றியது.

மாநகராட்சி பட்ஜெட் பொதுவாக நிதியாண்டு முடிவதற்கு முன் மாமன்றத்தில் வைக்கப்படும். தன் வார்டுக்கு எதைக் கேட்கலாம் என்று கவுன்சிலர் யோசிக்கிற காலம் அதற்கும் முந்தியது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை, வெள்ளம், வடிகால் புகார் என்று அவர் ஓடிக்கொண்டிருக்கும் நேரமும் அதுதான். பொறுமையாகப் போய்ப் பாருங்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும். கவுன்சிலரின் வார்டு நிதியா, எம்.எல்.ஏ. தொகுதி நிதியா, மக்கள் பங்குத்தொகை கட்டும் நமக்கு நாமே திட்டமா, பெரிய திட்டம் எதிலாவது சேர்த்திருக்கிறார்களா? நிதி மாறினால் முடிவெடுப்பவரும் மாறுவார். தவறான ஆளிடம் ஆறு மாதம் மனு கொடுத்துக்கொண்டிருந்த நலச்சங்கங்கள் சென்னையில் நிறைய உண்டு.

முதலில் காகிதம்

சென்னையில் நம் அசோக் நகர் 1960-களில் திட்டமிட்டுப் பிரித்த பகுதி. அவென்யூக்களும் குறுக்குத் தெருக்களும் நடுநடுவே பூங்காவுக்கென்று விட்ட மனைகளுமாக வரைபடத்தில் அழகாகத்தான் இருந்திருக்கும். இப்படிப் பிரித்த எந்தப் பகுதியிலும், ஆண்டுகள் போகப் போக, அந்த மனைகளின் ஓரத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு தண்ணீர்த் தொட்டி, துப்புரவுப் பணியாளர்கள் பொருள் வைக்கும் அறை, சில இடங்களில் ஒரு சின்னக் கோயில் என்று வந்து சேர்ந்துவிடும். எல்லாமே தேவையானவைதான். எல்லாமே பூங்காவைத் தின்றவையும்தான்.

பேச உட்காருவதற்கு முன் உங்கள் பூங்கா எத்தனை சதுர மீட்டர் என்று தெரிந்திருக்க வேண்டும். நகர நிலப் பதிவேட்டில் பிளாக் எண்ணும் சர்வே எண்ணும் இருக்கும். நிலம் மாநகராட்சி பெயரில் இருக்கிறதா, வேறு துறையின் பெயரிலேயே நிற்கிறதா என்பது அதில் தெரியும். மனைப்பிரிவு வரைபடத்தில் அதைப் பூங்கா என்று குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அந்த இடம் திறந்தவெளியா, குடியிருப்பா என்றும் பாருங்கள். இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது, அதன் காலம் 2026 வரை. அடுத்தது 2046 வரைக்குமானது. உங்கள் பூங்கா அதில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்க ஒருவர் ஒரு பிற்பகலைச் செலவழித்தால் போதும்.

காகிதம் எளிதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள். “பூங்காவைப் பற்றிய எல்லா விவரங்களும் வேண்டும்” என்று எழுதினால் ஒன்றும் வராது. “கடந்த ஐந்து நிதியாண்டுகளில் இந்தப் பூங்காவுக்காகத் தயாரித்த மதிப்பீடுகளின் நகல்” என்று கேட்டால் வரும். அந்த நகலைப் படிப்பதே பாதிப் பாடம். போன முறை எதற்கு எவ்வளவு போனது, செடிக்கு எவ்வளவு, சிமென்ட்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். சிமென்ட் ஜெயித்திருக்கும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் 1959-இலேயே வந்துவிட்டது. தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களை உள்ளாட்சி அமைப்பு பட்டியலிட வேண்டும், பட்டியலில் உள்ள இடத்தை அரசின் முன்அனுமதி இல்லாமல் வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1991-இல் வந்த பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா தீர்ப்பு அந்த ஒதுக்கீட்டைச் செல்லாது என்றது. அந்தத் தெருவில் வசிப்பவருக்கு வழக்குப் போடும் உரிமை உண்டு என்றும் சொன்னது. ஆனால் எடுத்த எடுப்பில் வழக்கு என்று பேசாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் போன மறுநிமிடம் எந்த அதிகாரியும் உங்களோடு வரைபடம் பார்க்க மாட்டார்.

கூட்டத்துக்கு வராதவர்கள்

நலச்சங்கக் கூட்டம் என்றால் ஞாயிறு காலை பத்து மணி, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி அல்லது அபார்ட்மென்ட் கார் பார்க்கிங். வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபது கடந்த, சொந்த வீட்டுக்கார ஆண்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லையென்றால் பல பூங்காக்கள் இன்று கல்யாண மண்டபமாகியிருக்கும். ஆனால் அவர்கள் பார்க்கும் பூங்கா காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரையிலான பூங்கா.

ஆகவே கூட்டம் போடுவதற்கு முன் ஒரு வாரம் பூங்காவைப் பாருங்கள். ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிறு, முடிந்தால் ஒரு மழை நாள். மணிக்கு ஒருமுறை ஒரு சுற்று நடந்து, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று நோட்டில் குறியுங்கள். பெயர் வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். நியூயார்க்கில் வில்லியம் வைட் என்பவர் சின்னச் சின்னச் சதுக்கங்களை இப்படித்தான் உட்கார்ந்து பார்த்து 1980-இல் புத்தகமாக்கினார். மக்கள் எங்கே உட்கார இடம் இருக்கிறதோ அங்கே உட்காருகிறார்கள் என்பதுதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. சிரிப்பாக இருக்கிறது இல்லையா? நம் பூங்காக்களில் நிழலில் பெஞ்சு இருக்காது, பெஞ்சு இருக்கும் இடத்தில் நிழல் இருக்காது. போய்ப் பாருங்கள்.

பத்து மணிக்கு மேல் அசோக் நகர், கே.கே. நகர் பக்கத்துப் பூங்காக்களில் வேறு ஒரு கூட்டம் வரும். இரண்டு வீட்டு வேலைக்கு நடுவே காலை நீட்டி உட்காரும் அம்மாக்கள். டெலிவரிப் பையைத் தலைக்கு வைத்துப் படுக்கும் பையன். டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தோடு வரும் பெண்கள். ஹாஸ்டல் அறையில் நான்கு பேர் இருப்பதால் இங்கே படிக்கிறார்கள். பிறகு நம் பகுதிக்கே உரிய அந்த இனம்: உதவி இயக்குநர்கள். வடபழனி, சாலிகிராமம், அசோக் நகர் என்று அறை எடுத்துத் தங்கி, பெஞ்சில் உட்கார்ந்து கதை டிஸ்கஷன் செய்கிறவர்கள். தமிழ் சினிமாவின் இடைவேளைத் திருப்பங்களில் சில இந்த சிமென்ட் பெஞ்சுகளில் பிறந்திருக்கும். இவர்களில் ஒருவர்கூட நலச்சங்க வாட்ஸ்அப் குழுவில் இல்லை. பகலில் பூங்காவைப் பூட்டினால் முதலில் வெளியே நிற்பவர்கள் இவர்கள்தான். “பகலில் பூட்டிவிடலாம், தேவையில்லாத ஆட்கள் வருகிறார்கள்” என்று தீர்மானம் போடும் கூட்டத்தில் தேவையில்லாத அந்த ஆட்கள் இருப்பதில்லை.

அவர்களைக் கேட்க நீங்கள்தான் போக வேண்டும். பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். “இங்க என்ன வேணும்?” என்று கேட்டால் “எதுனா செய்ங்க சார்” என்றுதான் பதில் வரும். “போன வாரம் எத்தனை நாள் வந்தீங்க? எங்க உக்காந்தீங்க? பாத்ரூமுக்கு எங்க போனீங்க?” என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் உங்கள் எஸ்டிமேட்டின் முதல் வரியை மாற்றிவிடும்.

பகுதி சபா என்ற கதவு

2022-இல் வந்த விதிகளின்படி தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபாக்களும் அமைந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, பம்மலில் நடந்த பகுதி சபாவில் முதலமைச்சரே உட்கார்ந்தார். சென்னையில் ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்; அந்தப் பகுதியின் வாக்காளர்தான் சபாவின் உறுப்பினர். கவுன்சிலர் தலைமையில் கூடும். கிராம சபை அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல இடங்களில் சடங்காக முடிந்துவிடுகிறது. இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் தனியாகக் கொடுக்கும் மனு ஒரு கோரிக்கை. சபாவின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிட்டால் அதற்கு அலுவலகத்தில் ஒரு ஃபைல் நம்பர் கிடைக்கும்.

பூங்கா விஷயம் பொருள்நிரலில் இருக்க வேண்டும் என்று எழுத்தில் முன்கூட்டியே கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் குறிப்பைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதே கையோடு நகலும் வாங்குங்கள். அசோக் நகர் கோடம்பாக்கம் மண்டலத்தில், அதாவது மாநகராட்சியின் 10-ஆவது மண்டலத்தில் வருகிறது. ஒரு நகல் மண்டல அலுவலருக்கும் ஒன்று பூங்காத் துறைக்கும் போகட்டும். 1913 எண் புகாருக்கு நல்லது. விளக்கு எரியவில்லை, மரம் சாய்ந்தது என்றால் கூப்பிடுங்கள். பூங்காவின் எதிர்காலத்தை அதில் பேச முடியாது.

ஒரு குறை உண்டு. சபா வாக்காளர்களுக்கானது. மதுரையில் ஓட்டு வைத்திருக்கும் உதவி இயக்குநரும் செய்யாறிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்ணும் அங்கே கையைத் தூக்க முடியாது. நீங்கள் நோட்டில் எழுதிய கணக்கு அவர்கள் சார்பில் அங்கே பேசட்டும். “பகல் 11 மணிக்கு 34 பேர் இருந்தார்கள்” என்று எண்ணைச் சொன்னால் யாரும் எளிதில் மறுக்க மாட்டார்கள்.

வரைபடமும் பொட்டும்

பெரிய கூட்டத்தைப் பூங்காவுக்குள்ளேயே போடுங்கள், மாலை ஐந்து மணிக்கு. குழந்தைகள் இருப்பார்கள், அவர்களைக் கூட்டிவந்த பாட்டிகளும் இருப்பார்கள். மைக் வேண்டாம். மைக் வந்தால் பேச்சாளர் வருவார், பேச்சாளர் வந்தால் பொன்னாடை வரும்.

பூங்காவின் வரைபடத்தை ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் அளவில் அச்சிட்டுத் தரையில் விரியுங்கள். ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு பெஞ்சும் அதில் இருக்க வேண்டும். ஃபேன்சி ஸ்டோரில் இரண்டு நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்த இடத்தில் பச்சைப் பொட்டு, பயமாகவோ அருவருப்பாகவோ இருக்கும் இடத்தில் சிவப்புப் பொட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நான்கு வயதுக் குழந்தையும் பொட்டு வைக்கலாம். கூட்டத்தில் வாயே திறக்காத பெண்கள், பின்பக்கச் சுவரோரம் வரிசையாகச் சிவப்பு வைத்துவிட்டுப் போவார்கள். அங்கே விளக்கு வேண்டும் என்று தனியாகத் தீர்மானம் போடத் தேவையில்லை.

“என்ன வேண்டும்” என்ற பட்டியல் போடாதீர்கள் என்று இன்னொரு முறை சொல்கிறேன். பட்டியல் போட்டால் செயற்கை நீரூற்றும் யானைச் சிலையும் செல்ஃபி பாயின்ட்டும் வரும். நீரூற்று திறப்பு விழா அன்று ஓடும். பிறகு மோட்டார் காயில் போகும், தொட்டியில் கொசு முட்டையிடும்.

சண்டை வரும். வரட்டும். நடக்கிறவர்களுக்கும் கிரிக்கெட் பையன்களுக்கும் சண்டை, நாய் வைத்திருப்பவர்களுக்கும் மற்ற எல்லோருக்கும் சண்டை, கழிப்பறை எந்த வீட்டு மதிலையொட்டி என்பதில் பெரிய சண்டை. இடத்தைப் பிரிப்பதைவிட நேரத்தைப் பிரிப்பது பெரும்பாலும் எளிது. மாலை நான்கிலிருந்து ஆறு வரை நடுத்திடல் பிள்ளைகளுக்கு என்று எழுதிவைத்தால் “பந்து விளையாடக் கூடாது” என்ற பலகைக்கு வேலை இல்லை. ஜோடிகள் உட்காருவதைத் தடுக்க வேண்டும் என்று ஒருவர் கட்டாயம் எழுந்திருப்பார். அதற்காகப் புதர்களை வெட்டி, பெஞ்சுக்கு நடுவில் கம்பி வைத்த பூங்காக்களில் முழங்கால் வலிக்காரர்களும் உட்கார முடியாமல் போனது என்பதை நிதானமாகச் சொல்லுங்கள்.

கருத்து இரண்டாகப் பிரிந்து நின்றால், கட்டுவதற்கு முன் வெள்ளோட்டம் பாருங்கள். பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறந்தது. அதற்கு முன் தடுப்புகளை வைத்து, வண்டிகளை நிறுத்தி, சோதனை ஓட்டம் நடத்தினார்கள். எதிர்த்த வியாபாரிகளும் ஆதரித்தவர்களும் ஒரே தெருவில் நின்று பார்க்க முடிந்தது. சிங்கப்பூரில் 2011-இல் மலாயா ரயில் பாதை மூடப்பட்டபோது, 24 கிலோமீட்டர் தடத்தைப் பசுமை வழியாக வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை இயற்கை ஆர்வலர்களிடமிருந்து வந்தது. தண்டவாளத்தைப் பெயர்ப்பதற்கு முன்பே மக்கள் கூட்டம் கூட்டமாக அதில் நடந்து பார்த்தார்கள். வடிவமைப்பு அதற்குப் பின்னால்தான். உங்கள் பூங்காவில் இதற்குக் கயிறும் சுண்ணாம்புப் பொடியும் போதும். நடைபாதையை இரண்டடி தள்ள வேண்டுமா? கோடு போட்டு ஒரு வாரம் நடந்து பாருங்கள்.

மண் எவ்வளவு மிச்சம்

அழகைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுங்கள், மண்ணில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2015 டிசம்பரும் 2021 நவம்பரும் இந்தப் பக்கத்தவர்களுக்கு மறந்திருக்காது. மழைநீர் இறங்க மிச்சமிருக்கும் சில இடங்களில் பூங்காவும் ஒன்று. அதிலும் கான்கிரீட் போட்டுப் பேவர் பிளாக் பதித்தால் தண்ணீர் தெருவுக்கே திரும்பும். மாநகராட்சியே சில பூங்காக்களில் பள்ளம் வெட்டி, மழைநீரைத் தேக்கும் பஞ்சுப் பூங்காக்களை அமைத்திருக்கிறது. அதே மாநகராட்சியிடம் “எங்களுக்கும் அது வேண்டும்” என்று கேட்பது புதுமை ஒன்றும் இல்லை. எஸ்டிமேட்டில் திறந்த மண் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி எழுத வையுங்கள். நடைபாதையை மண்ணிலேயே விடச் சொன்னால் வயதானவர்கள் வழுக்கும் என்பார்கள். ஒரு சுற்று மட்டும் பிளாக், உள்சுற்று மண் என்று முடிக்கலாம். மரத்தின் அடியைச் சுற்றி 1 மீட்டருக்குக் கான்கிரீட் கூடாது என்று டெல்லி மரங்கள் தொடர்பாக 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதையும் மனுவில் ஒரு வரி சேருங்கள்.

கட்டணமும் கையகப்படுத்தலும்

சில முடிவுகள் உங்கள் தெருவுக்கு மேலே எடுக்கப்படும். செனாய் நகர் திரு.வி.க. பூங்காவை 2011-இல் மெட்ரோ பணிக்காக மூடினார்கள். ரயில் நிலையம் 2017 மே மாதத்தில் திறந்தது. பூங்கா மக்களிடம் திரும்பி வர அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆயின. தி. நகர் பனகல் பூங்காவின் ஒரு பகுதியும் இரண்டாம் கட்ட மெட்ரோவுக்குப் போயிருக்கிறது. மெட்ரோ வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அப்படி ஒரு கருத்துக்கேட்பு உங்கள் பக்கம் வந்தால் கேட்க வேண்டியது ஒப்படைக்கும் தேதி, திரும்ப நடும் மரங்களின் வகையும் எண்ணிக்கையும், நிலத்தின் மேலே நிலையம் எத்தனை அடி பிடித்துக்கொள்ளும் என்பவை. மூன்றும் எழுத்தில் வேண்டும்.

கட்டணமும் அப்படித்தான். கதீட்ரல் சாலையில் 6.09 ஏக்கரில் 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய். ஊரெல்லாம் வந்து பார்க்கும் பூங்காவுக்கு அது சரியா தவறா என்பது வேறு விவாதம். தெருப் பூங்காவுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடக் கூடாது. அதே மாத இறுதியில், ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று சென்னை மாமன்றம் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றார்கள். திடலில் ஆடும் பையன்களை முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்மானமும் வேண்டியிருக்காது, வாபஸும் வேண்டியிருக்காது.

கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் கவனத்தில் வையுங்கள். 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் அரசு தன்வசம் எடுத்து, 118 ஏக்கரைப் பூங்காவுக்கென்று தோட்டக்கலைத் துறைக்குக் கொடுத்தது. விவகாரம் நீதிமன்றத்துக்கும் போனது. அசோக் நகரிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம் அது. அவ்வளவு பெரிய பூங்கா வந்தால் குளம் எவ்வளவு, வாகன நிறுத்தம் எவ்வளவு, எந்தப் பக்கம் வாசல் என்பதில் உங்களுக்கும் சொல்ல இருக்கும். பொட்டு வைத்த ஃப்ளெக்ஸைச் சுருட்டி வைத்திருங்கள், அங்கேயும் உதவும்.

மனு எழுதும்போது

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பக்கத்தில் நோட்டிலிருந்து எடுத்த எண்களும் வரைபடமும். இரண்டாம் பக்கத்தில் ஐந்து கோரிக்கை, முக்கியமானது முதலில். கையெழுத்துகளைத் தனித்தாளில் வாங்குங்கள். பெறப்பட்டது என்ற முத்திரையும் தேதியும் உங்கள் நகலில் விழும் வரை மேசையை விட்டு நகராதீர்கள்.

எஸ்டிமேட் தயாரானதும் ஏ.இ.யிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள். நம் ஐந்து கோரிக்கையில் எது ஏறியது, எது ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்று மூன்று கட்டம் போட்டு எழுதி, பூங்கா வாசலில் ஒட்டுங்கள். ஏறாததற்கும் காரணம் இருக்கலாம். நிலத்தடியில் கேபிள் போகலாம், நிதி போதாமல் இருக்கலாம். காரணத்தை ஒட்டாவிட்டால் பொட்டு வைத்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

டெண்டர் ஆவணத்தில் செடிகளுக்கான பராமரிப்புக் காலம் எத்தனை மாதம் என்று பாருங்கள். நட்டுவிட்டுப் போவது மட்டும்தான் ஒப்பந்தம் என்றால் சித்திரை வெயிலில் பாதி செடி காய்ந்துவிடும். ஒரு கோடை முடியும் வரை தண்ணீர் ஊற்றுவதும் செத்த செடிக்கு மாற்று நடுவதும் ஒப்பந்ததாரர் பொறுப்பு என்ற வரியை எஸ்டிமேட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். கடைசித் தவணை பில் போகும் வாரத்தில் இரண்டு பேர் போய்ச் செடிகளை எண்ணி, எண்ணிக்கையை ஏ.இ.க்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.